நல்லது நிற்காமல் கெட்டதே மனதில் நிற்கிறதா? புதிதாக முயல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாராவது மனம் வாடி உட்கார்ந்திருந்தால் நாம் சட்டென்று சொல்லிவிடுவது, "பாசிட்டிவ்வா யோசி, எல்லாம் சரியாயிடும்." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் கேட்பவருக்கு அது பெரும்பாலும் உதவுவதில்லை. சில சமயம் இருந்ததும் கெட்டுப்போகிறது. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். "நான் அன்புக்குரிய ஆள்" என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். தன்மேல் ஏற்கெனவே நம்பிக்கை குறைந்திருந்தவர்கள், அதைச் சொன்ன பிறகு இன்னும் மோசமாக உணர்ந்தார்கள். மனம் நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளேயிருந்து "அப்படியெல்லாம் இல்லை" என்று மறுப்பு கிளம்பிவிடுகிறது.

அதனால் கெட்டதை மறந்துவிடு, நல்லதை மட்டும் பார் என்று இங்கே எங்கும் சொல்லப்போவதில்லை. நடந்த கெட்டதை அது இருக்கிற அளவுக்குப் பார்ப்பது, நடந்த நல்லதையும் அது இருக்கிற அளவுக்குப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் நம் மனம் தானாக அப்படிப் பார்ப்பதில்லை, பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். பழக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில், இது உங்கள் குணக்கேடு இல்லை

"நான்தான் எதையும் தப்பாகவே பார்க்கிற ஆள்" என்று பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அந்தத் திட்டை முதலில் நிறுத்துங்கள். உளவியலில் இதற்கு எதிர்மறைச் சாய்வு என்று பெயர், ஏறக்குறைய எல்லோருக்கும் இது இருக்கிறது. 2001இல் ராய் பாமைஸ்டரும் உடன் மூவரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உறவு, உணர்ச்சி, கற்றல், பிறரைப் பற்றிய எண்ணம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும், நல்லதைவிடக் கெட்டதன் பாதிப்பே வலுவாக இருந்தது. அதே ஆண்டில் பால் ரோசினும் எட்வர்ட் ராய்ஸ்மனும் இதையே வேறொரு கோணத்தில் எழுதினார்கள். ரோசினுடைய பழைய சோதனை ஒன்றை நினைத்தாலே விஷயம் புரிந்துவிடும்: கிருமி நீக்கிய செத்த கரப்பான்பூச்சியை ஒரு டம்ளர் பழச்சாற்றில் முக்கி எடுத்தார்கள், அதற்கப்புறம் அதைக் குடிக்க ஆட்களுக்கு மனம் வரவில்லை. கெட்டுப்போக இவ்வளவு போதும். ஆனால் மோசமான ஒன்றை இப்படி ஒரு முக்கில் நல்லதாக்கிவிடும் பொருள் எது என்று யோசித்துப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காது.

பணத்திலும் இதே கதைதான். டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் தொடங்கிய ஆய்வுகள், ஒரு தொகையை இழக்கும் வலி அதே தொகை கிடைக்கும் மகிழ்ச்சியைவிட ஏறத்தாழ 2 மடங்கு கனக்கிறது என்று காட்டின. ஆக, ஒரு தட்டு முன்கூட்டியே தாழ்ந்திருக்கும் தராசோடுதான் நாம் எல்லோரும் பிறந்திருக்கிறோம்.

காரணம் என்ன என்றால், பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் உயிர் பிழைப்பதைத்தான் சொல்கிறார்கள். கனி இருக்கும் மரத்தைக் கவனிக்காமல் விட்ட ஆதிமனிதனுக்கு நாளைக்கு வேறு மரம் கிடைக்கும், புதருக்குள் இருந்த மிருகத்தைக் கவனிக்காமல் விட்டவனுக்கு நாளை என்பதே கிடையாது. ஆபத்தைப் பெரிதாகப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள், நாம் அவர்களுடைய வாரிசுகள். இப்போது புதரில் மிருகம் இல்லை, ஆனால் "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்" என்று மேலாளர் அனுப்பும் ஒற்றை வரிக்கு நெஞ்சு அதே வேகத்தில் அடித்துக்கொள்கிறது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இந்தச் சாய்வு வாழ்நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. லாரா கார்ஸ்டென்சனும் உடனிருந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இளையவர்களோடு ஒப்பிட்டால் வயதானவர்கள் மோசமான படங்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே கவனம் எந்தப் பக்கம் போகிறது என்பது மாறக்கூடியதுதான்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பிடித்துப் பாருங்கள்

முதல் வாரத்தில் திருத்த வேண்டாம், தள்ள வேண்டாம், வெறுமனே பிடியுங்கள். "இப்போது மனம் கெட்டதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்று தெரிந்தால் போதும்.

எப்படித் தெரியும்? சில வார்த்தைகள் காட்டிக்கொடுக்கும். "எப்பவுமே இப்படித்தான்", "யாருக்குமே என்னைப் பிடிக்கல", "எல்லாமே போச்சு." எப்பவும், யாருமே, எல்லாமே என்ற சொற்கள் மனதுக்குள் ஓட ஆரம்பித்தாலே சாய்வு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பும் சொல்லும், தாடை இறுகும், தோள் மேலேறும், வயிற்றைப் பிசையும். பேசி முடிந்த உரையாடலை மறுபடி மறுபடி அசைபோடுவது இன்னொரு அடையாளம்.

பிடித்தவுடன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் வையுங்கள். "ஒரு மாதிரியா இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். அவமானமா, பயமா, பொறாமையா, ஏமாற்றமா, களைப்பா? மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிட்ட நேரத்தில், ஆபத்துக்கு எச்சரிக்கை எழுப்பும் பகுதிகளில் ஒன்றான அமிக்டலாவின் துடிப்பு குறைந்திருந்தது. பெயர் வைத்ததும் பாரம் பறந்துவிடும் என்று நினைக்காதீர்கள், ஒரு பிடி குறையும். அந்த ஒரு பிடியே அடுத்த படிக்குப் போகப் போதுமானது.

இந்த வாரத்தில் பலர் செய்கிற ஒரு காரியத்தை மட்டும் செய்யாதீர்கள், எண்ணத்தை வலுக்கட்டாயமாக விரட்டுவது. டேனியல் வெக்னர் 1987இல் ஆட்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சொல்லிப் பார்த்தார், அவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்ததும், முதலிலிருந்தே அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக அவர்களுக்குக் கரடி வந்தது. விரட்ட விரட்டத் திரும்பி வரும்.

படி 2: நடந்ததையும் மனம் சேர்த்ததையும் பிரித்து எழுதுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியிலும் முக்கியமான படி இதுதான், மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். ஒரு நோட்டை எடுங்கள். போனில் எழுதலாம்தான், ஆனால் கையால் எழுதும்போது வேகம் குறைகிறது, இங்கே வேகம் குறைவதுதான் நமக்கு வேண்டும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடதுபக்கம் நடந்ததை எழுதுங்கள், கேமரா வைத்திருந்தால் பதிவாகியிருக்கக்கூடியது மட்டும். வலதுபக்கம் அதைப் பார்த்து மனம் சொன்னது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அலுவலகத்தில் வருட மதிப்பீடு வருகிறது. முழுப்பக்கம். அதில் ஒரு வரி: "அறிக்கைகளை இன்னும் கொஞ்சம் முன்னதாகத் தந்தால் மற்றவர்களுக்கு வசதியாக இருக்கும்." இரவு படுத்ததும் இந்த ஒரு வரிதான் ஓடுகிறது. நோட்டில் இடதுபக்கம் அந்த வரியை அப்படியே, ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுங்கள். வலதுபக்கம் இப்படி வரும்: "நான் சோம்பேறி என்று நினைக்கிறார். எல்லோரும் என்மேல் கடுப்பில் இருக்கிறார்கள். ஆட்குறைப்பு வந்தால் முதல் பெயர் என்னுடையதுதான்."

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படியுங்கள். சோம்பேறி என்ற சொல் அந்தத் தாளில் எங்கே இருக்கிறது? எல்லோரும் என்று யார் சொன்னார்கள்? ஆட்குறைப்பு எங்கிருந்து வந்தது? தாளில் இருப்பது "இன்னும் கொஞ்சம் முன்னதாக", அவ்வளவுதான். அதைக்கூட நாம் "தாமதமாகத் தருகிறார்" என்று மாற்றித்தான் ஞாபகம் வைத்திருப்போம்.

இதோடு நிறுத்தக் கூடாது, பாதிப் பேர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பீட்டில் மீதிப் பக்கம் என்ன சொன்னது? "ஏதோ நல்லதாத்தான் எழுதியிருந்தார்" என்று மங்கலாகத்தான் நினைவிருக்கும், குறை மட்டும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கும். தாளை மறுபடி எடுத்து அந்த வரிகளையும் இடதுபக்கம் கையால் எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுகிறார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். சிக்கலான நேரத்தில் பதறுவதில்லை. இதுவும் அதே ஆள், அதே நாளில், அதே தாளில் எழுதியதுதான். குறை சொன்ன வரியை நம்புகிற நாம் இந்த வரிகளை மட்டும் ஏன் "சும்மா மரியாதைக்கு எழுதியிருப்பார்" என்று தள்ளுகிறோம்? நம்புவதென்றால் இரண்டையும் நம்ப வேண்டும்.

எழுதிய பிறகும் மனம் அடங்கவில்லை என்றால், உங்களை நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள். "நான் என்ன செய்யப்போறேன்" என்று புலம்புவதற்குப் பதில், உங்கள் பெயரைச் சொல்லி, "ஏம்ப்பா, இதில் உன்னை இவ்வளவு உறுத்துவது எது?" என்று. படிக்க விசித்திரமாக இருக்கும், ஆனால் ஈதன் கிராஸ் முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், தன் பெயரைச் சொல்லித் தன்னோடு பேசியவர்கள் பதற்றமான சூழலை "நான்" என்று பேசியவர்களைவிட நன்றாகச் சமாளித்தார்கள். நண்பருக்கு ஒன்று என்றால் நாம் எவ்வளவு நிதானமாக யோசனை சொல்கிறோம், அந்த நிதானம் கொஞ்சம் நமக்கும் கிடைக்கிறது.

படி 3: அந்தக் கெட்டதில் உண்மை இருந்தால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள்

எதிர்மறை எண்ணம் எல்லாமே பொய் இல்லை. அறிக்கை தாமதமாகிக்கொண்டிருப்பது உண்மையாக இருக்கலாம், நெஞ்சுவலியைப் பற்றிய பயம் டாக்டரிடம் போக வைக்கும் நல்ல பயமாக இருக்கலாம். எச்சரிக்கையைக் கேட்காமல் சிரித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான்.

அதனால் நோட்டில் கோட்டுக்குக் கீழே ஒரு கேள்வி: "இதில் என் கையில் இருப்பது ஏதாவது உண்டா?" உண்டு என்றால் நாள் குறித்து, சின்னதாக, ஒரே ஒரு செயலை எழுதுங்கள். "இனிமேல் நேரத்துக்குத் தர வேண்டும்" என்பது செயல் இல்லை, ஏக்கம். "திங்கள் காலையில் அவரிடம் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கேட்பேன்" என்பதுதான் செயல்.

கையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கவலை ஓடுகிறது என்றால், அதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். தாமஸ் போர்கோவெக் 1980களிலேயே சோதித்துப் பார்த்த முறை இது: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 30 நிமிடம், கவலைப்படுவதற்கு மட்டும். பகலில் கவலை தலைகாட்டினால் ஒரு வரியில் குறித்துக்கொண்டு "மாலை ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று ஒத்திப்போடுங்கள். விரட்டவில்லை, ஒத்திப்போடுகிறோம், அதனால் மனம் இதற்கு ஓரளவு சம்மதிக்கும். ஆறு மணிக்கு உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேல் உப்புச்சப்பில்லாமல் தெரியும். படுக்கையை மட்டும் அந்த இடமாக வைத்துக்கொள்ளாதீர்கள், படுக்கப் போவதற்குச் சற்று முந்தைய நேரத்தையும் தவிருங்கள்.

அந்தக் கவலைப் பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள். ஒரு மாதம் கழித்து எடுத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று குறியுங்கள். தீவிரக் கவலை நோய் உள்ளவர்களை வைத்து 2020இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் இதைத்தான் செய்யச் சொன்னார்கள், அவர்கள் எழுதிவைத்த கவலைகளில் 91 சதவீதம் நடக்கவே இல்லை. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் "கவலைப்படாதே" என்று ஊரே கூடிச் சொன்னாலும் கேட்காத மனம், தன் கையெழுத்தில் இருக்கிற கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கும்.

படி 4: நல்லதை நின்று பாருங்கள்

கெட்டது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், நல்லதை நாம்தான் உட்கார வைக்க வேண்டும். இதற்குச் சோதித்துப் பார்க்கப்பட்ட எளிய பயிற்சி ஒன்று உண்டு. இரவில் படுக்கும் முன் அன்றைக்கு நன்றாக நடந்த மூன்று விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதுவது. மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு வாரம் இதைச் செய்தவர்களுக்கு 6 மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியும் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தும் இருந்தன. வாரம் முடிந்தும் விடாமல் தொடர்ந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

இதைப் பலர் முயன்று கைவிடுவதற்குக் காரணம், எழுதுகிற விதம். "குடும்பம், உடல்நலம், வேலை" என்று எழுதினால் மூன்றாம் நாளே சலித்துவிடும், ஏனென்றால் அது நேற்றும் அதேதான், நாளைக்கும் அதேதான். அன்றைக்கு மட்டுமே நடந்ததை எழுதுங்கள். "மகள் கணக்குப் போட்டுவிட்டு, நான் கேட்காமலே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள்." ஏன் நடந்தது? "நேற்று அவள் தப்பாகப் போட்டபோது நான் கத்தவில்லை." பாருங்கள், அந்த ஏன் என்ற வரியில்தான் விஷயமே இருக்கிறது. நல்லது என்பது அதிர்ஷ்டத்தில் வந்து போகிற ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதில் நம் கையும் இருந்தது என்பது அந்த வரியை எழுதும்போதுதான் தெரிகிறது.

மோசமான நாளில் மூன்று வராது. ஒன்று எழுதுங்கள், போதும். வலுக்கட்டாயமாக மகிழ்ச்சியை வரவழைக்க வேண்டாம், முதல் பத்தியில் சொன்ன அந்த ஆய்வை நினைவில் வையுங்கள், மனம் நம்பாததை எழுதினால் அது திருப்பி அடிக்கும். சின்னதாக இருந்தாலும் உண்மையாக நடந்ததை எழுதுங்கள்.

பகலிலும் ஒரு சின்னப் பழக்கம்: யாராவது பாராட்டினால் "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று உடனே தள்ளிவிடாமல், ஒரு மூச்சு விட்டு, "ரொம்ப நன்றி" என்று மட்டும் சொல்லுங்கள். அந்த வார்த்தை உள்ளே போக இரண்டு நொடியாவது கொடுங்கள். நம்மில் பலருக்கு இந்த இரண்டு நொடிதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

படி 5: எதிரில் இருப்பவருக்கும் இதே மனம்தான்

இதுவரை சொன்னது நமக்குள். ஆனால் நாம் பேசும் ஒரு கடுஞ்சொல்லும் அடுத்தவர் மனதில் இதே கனத்தோடுதான் இறங்குகிறது. ஜான் காட்மன் தம்பதிகள் வாக்குவாதம் செய்வதைப் பதிவு செய்து நுணுக்கமாக எண்ணிப் பார்த்தார். நிலைத்து நின்ற தம்பதிகளிடம் ஒரு கசப்பான பேச்சுக்கோ முகச்சுளிப்புக்கோ ஏறத்தாழ 5 இதமான விஷயங்கள் இருந்தன, அதுவும் சண்டையின் நடுவிலேயே. ஒரு தலையசைப்பு, "நீ சொல்றதும் சரிதான்" என்ற ஒரு வார்த்தை, கையைப் பிடித்துக்கொள்வது, எல்லாம் கணக்கில் சேரும்.

இந்த 5 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் ஒன்று புரிந்தால் போதும், பிள்ளையையோ துணையையோ உடன் வேலை செய்பவரையோ குத்திப் பேசிவிட்டு, அப்புறம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்பது நடக்காது. ஒன்றுக்கு ஒன்று போதவில்லை, அதிகம் வேண்டியிருக்கிறது. குறையைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் அந்தக் குறிப்பிட்ட செயலை மட்டும் சொல்லுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற வாக்கியம் நம் தலைக்குள் எவ்வளவு கெடுதல் செய்கிறதோ, அவ்வளவையும் அடுத்தவர் தலைக்குள்ளும் செய்யும்.

படி 6: கண்ணில் விழுவதைக் குறையுங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நம் சாய்வு செய்தி விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலச் செய்தித் தலைப்புகளை வைத்து 2023இல் வந்த ஆய்வு, சராசரி நீளமுள்ள தலைப்பில் ஓர் எதிர்மறைச் சொல் கூடினால் அதைச் சொடுக்குபவர்கள் 2.3 சதவீதம் கூடுகிறார்கள் என்று கண்டது. ஆகவே செய்தியை நாளுக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில் படியுங்கள். அறிவிப்புச் சத்தத்தை அணைத்துவிடுங்கள். எழுந்ததும் முதல் வேலையாகவும் தூங்கும் முன் கடைசி வேலையாகவும் அது வேண்டாம். உலகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள இது போதும்.

எவ்வளவு நாள் பிடிக்கும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

ஆறு படியையும் ஒரே நாளில் தூக்கிக்கொள்ளாதீர்கள், இரண்டு வாரத்தில் எல்லாம் கைநழுவிப்போகும். முதல் வாரம் படி 1 மட்டும், அடுத்த வாரத்தில் படி 2 சேரட்டும், அது கைக்குப் பழகிய பிறகு இரவில் மூன்று விஷயங்கள். மற்றவை தேவைப்படும்போது. நடுவில் சில நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து எடுங்கள், "பார், இதைக்கூட உன்னால் உருப்படியாகச் செய்ய முடியல" என்று மனம் சொன்னால் அதையும் வலதுபக்கத்தில் எழுதிவிடுங்கள், அதுவும் அந்தச் சாய்வின் பேச்சுதான். கெட்ட எண்ணம் வராமலே போவது இலக்கு இல்லை, அது வரும். முன்பு மூன்று நாள் பிடித்து உலுக்கியது இப்போது ஒரு மாலையில் விட்டுப் போனால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியும் மனம் கனத்துக் கிடந்தால், முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், அது சாய்வு என்ற அளவைத் தாண்டிவிட்டது, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நோட்டு எழுதிச் சரிசெய்கிற விஷயம் இல்லை அது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமோ உயிரை விடும் எண்ணமோ வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எழுதிய நோட்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். மனச்சோர்வுக்கு ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சை முறையில், தானாக ஓடும் எண்ணங்களை எழுதிப் பார்ப்பதும் ஒரு பகுதி, ஆலோசகருக்கு அந்தப் பக்கங்கள் உதவும், எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்று நீங்களும் திணற வேண்டியிருக்காது.